ஆஃப்-ரோடு வண்டியின் ஏர் இன்டேக்கில் கை வைக்கும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்டுப் பாதை, மணல், சேறு, ஆற்றைக் கடப்பது என்று ஓடும் ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளில் டயருக்கு அடுத்தபடியாகப் பலரும் மாற்ற நினைப்பது ஏர் இன்டேக்கைத்தான். ஸ்நார்கெல் (காற்று நுழையும் வாயைக் கூரை உயரத்துக்குக் கொண்டுபோகும் குழாய்) மாட்டலாமா, எந்த ஃபில்டர் நல்லது, பிக்கப் கூடுமா என்று திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பெட்ரோல், டீசல் இரண்டுக்கும் பொருந்தும். வித்தியாசம் இருக்கும் இடத்தில் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

ஏர் இன்டேக் என்று சொல்வது எங்கிருந்து எங்கே வரை?

வெளிக்காற்று உள்ளே நுழையும் வாயில் தொடங்கி இன்ஜினின் இன்டேக் மேனிஃபோல்டு வரை. வாய், அதிலிருந்து வரும் குழாய், ஏர் பாக்ஸ், அதற்குள் ஃபில்டர், பிறகு காற்றின் அளவைப் பார்க்கும் எம்.ஏ.எஃப். சென்சார், ரப்பர் ஹோஸ், டர்போ இருந்தால் டர்போவும் அதிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும், கடைசியில் காற்றின் வரத்தைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடி. சில வண்டிகளில் எம்.ஏ.எஃப். இருக்காது, மேனிஃபோல்டு அழுத்தத்தை வைத்தே கணினி கணக்குப் போடும்.

இந்தப் பாதையை ஃபில்டர் இரண்டாகப் பிரிக்கிறது. ஃபில்டருக்கு முன்னால் இருப்பது அழுக்குப் பக்கம், பின்னால் இருப்பது சுத்தப் பக்கம். அழுக்குப் பக்கத்தில் ஓட்டை இருந்தால் தண்ணீர் வரும் ஆபத்து. சுத்தப் பக்கத்தில் ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் வடிகட்டாத தூசு நேராக இன்ஜினுக்குள் போகும். கீழே வரும் பல பதில்களுக்கு இந்தப் பிரிவுதான் அடிப்படை.

இன்டேக்கை மாற்றினால் பிக்கப் கூடுமா?

கூடாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வேறு எதுவும் மாற்றாத இன்ஜினுக்கு, கம்பெனி கொடுத்த இன்டேக்கே போதுமான காற்றைத் தரும்படிதான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது.

“குளிர்ந்த காற்று, கூடுதல் சக்தி” என்பதில் உண்மை உண்டு. காற்றின் வெப்பம் சுமார் 3 டிகிரி செல்சியஸ் குறைந்தால் அதன் அடர்த்தி ஏறக்குறைய 1 சதவீதம் கூடும். ஆனால் பெரும்பாலான வண்டிகளில் காற்று ஏற்கெனவே ஹெட்லைட்டுக்குப் பின்னாலிருந்தோ ஃபெண்டரின் உள்ளிருந்தோதான் வருகிறது. இன்ஜின் சூட்டிலிருந்து தள்ளி வைத்த இடம் அது. அங்கிருந்து கூரை உயரத்துக்கு மாற்றுவதால் கிடைப்பது சில டிகிரிதான்.

அடுத்து, ஸ்நார்கெல் வாய் முன்னோக்கி இருந்தால் காற்று தானாக உள்ளே தள்ளப்படும் என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் எதிர்க்காற்றின் தள்ளு அழுத்தம் சுமார் 460 பாஸ்கல். வளிமண்டல அழுத்தமோ சுமார் 1,01,000 பாஸ்கல். அதாவது அரை சதவீதம்கூட இல்லை. சேற்றில் 20 கி.மீ. வேகத்தில் ஊர்ந்து போகும்போது அது 20 பாஸ்கலுக்கும் கீழே. சக்திக்காக இன்டேக்கை மாற்ற நினைத்தால் அந்தப் பணத்தை நல்ல டயருக்குக் கொடுப்பது மேல்.

அப்படியானால் ஸ்நார்கெல் எதற்கு?

முதல் காரணம் தூசு. ஆம், தண்ணீருக்கும் முன்னால் தூசுதான். நான்கைந்து வண்டிகள் வரிசையாக மண் பாதையில் போகும்போது பின்னால் வருபவர் முன்னால் போகிறவரின் புழுதியைத்தான் குடித்துக்கொண்டு வருகிறார். அந்தப் புழுதி சக்கர உயரத்தில் அடர்த்தியாகவும் கூரை உயரத்தில் மெல்லியதாகவும் இருக்கும். வாயை மேலே கொண்டுபோனால் ஃபில்டருக்கு வரும் சுமையே குறைந்துவிடும். ஆற்றுக்குள் ஆண்டுக்கு எத்தனை முறை இறங்குவீர்கள்? புழுதியிலோ ஒவ்வொரு பயணத்திலும் ஓட்டுகிறீர்கள்.

இரண்டாவது, தண்ணீரிலிருந்து பாதுகாப்பு. ஆழம் தெரியாமல் இறங்கிவிட்டாலோ, முன் சக்கரம் குழிக்குள் விழுந்து பானெட் மேல் தண்ணீர் ஏறிவிட்டாலோ இன்ஜின் தப்பிக்கும்.

தண்ணீர் உள்ளே போனால் உண்மையில் என்ன ஆகிறது?

இன்ஜின் காற்றை அழுத்தும். தண்ணீரை அழுத்த முடியாது. 2 லிட்டர், நான்கு சிலிண்டர் டீசல் இன்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சிலிண்டருக்கு 500 மி.லி. கம்ப்ரஷன் விகிதம் 16 என்றால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சும் இடம் சுமார் 33 மி.லி. மட்டுமே. இரண்டு மேசைக்கரண்டியை விடச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். அதைவிட அதிகமாகத் தண்ணீர் இருந்தால் பிஸ்டனால் உச்சிக்குப் போகவே முடியாது. ஆனால் கிராங்க் ஷாஃப்ட் சுற்றிக்கொண்டிருக்கிறது, வண்டியின் எடையும் வேகமும் பின்னாலிருந்து தள்ளுகிறது. நடுவில் மாட்டுவது இரண்டையும் இணைக்கும் கனெக்டிங் ராட். அது வளையும், அல்லது உடைந்து பிளாக்கையே துளைத்துக்கொண்டு வெளியே வரும். இதைத்தான் ஹைட்ரோலாக் என்கிறார்கள்.

பெட்ரோல் இன்ஜினில் கம்ப்ரஷன் குறைவு என்பதால் இடம் கொஞ்சம் அதிகம். விகிதம் 10 என்றால் அதே சிலிண்டரில் சுமார் 55 மி.லி. அதை நம்பி யாரும் இறங்க வேண்டாம்.

தண்ணீருக்குள் வண்டி ஆஃப் ஆகிவிட்டது. செல்ஃப் அடிக்கலாமா?

அடிக்கவே கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால் அது இதுவாக இருக்கட்டும். மெதுவாகப் போகும்போது தண்ணீர் புகுந்து இன்ஜின் நின்றிருந்தால், பல நேரங்களில் உள்ளே இன்னும் எதுவும் உடைந்திருக்காது. பதற்றத்தில் அடிக்கும் செல்ஃப்தான் ராடை வளைக்கிறது. கியரில் போட்டுத் தள்ளி ஸ்டார்ட் செய்வது அதைவிட மோசம்.

வண்டியை நியூட்ரலில் வைத்து இழுத்து வெளியே கொண்டுவாருங்கள். ஏர் பாக்ஸைத் திறந்து ஃபில்டரைத் தொட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் இன்ஜின் நின்றதற்குக் காரணம் பெரும்பாலும் மின்சாரப் பக்கம். ஃபில்டர் நனைந்திருந்தாலோ, அதற்குப் பின்னால் இருக்கும் ஹோஸில் துளிகள் இருந்தாலோ தண்ணீர் உள்ளே போயிருக்கிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். பெட்ரோலில் ஸ்பார்க் பிளக்குகளையும், டீசலில் குளோ பிளக்குகளையும் கழற்ற வேண்டும். பெட்ரோல் சப்ளையையும் இக்னிஷனையும் துண்டித்துவிட்டு, முதலில் ஸ்பேனரால் கிராங்கைக் கையால் சுற்றிப் பார்த்து, அதன் பிறகே செல்ஃப் கொடுக்கலாம். துளை வழியாகத் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். டீசலில் குளோ பிளக் கழற்றுவது பழகிய கைக்குரிய வேலை. துருப்பிடித்த பிளக் உள்ளேயே ஒடிந்துவிடும்.

டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. மாற்றாமல் ஸ்டார்ட் செய்யக் கூடாது. எல்லாம் சரியாகி வண்டி ஓடினாலும் ஒரு மெக்கானிக்கிடம் கம்ப்ரஷன் பார்த்துவிடுங்கள். லேசாக வளைந்த ராட் அன்றைக்குக் காட்டிக்கொடுக்காது. பிறகு நெடுஞ்சாலையில் போகும்போது உடையும்.

ஸ்நார்கெல் இருந்தால் கூரை வரை தண்ணீரில் இறங்கலாமா?

முடியாது. ஸ்நார்கெல் ஒரே ஒரு வழியை மட்டும் உயர்த்துகிறது. ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், ஃபியூஸ் பாக்ஸ், இன்ஜின் கணினி எல்லாம் பழைய உயரத்திலேயே இருக்கின்றன. சுற்றிக்கொண்டிருக்கும் ரேடியேட்டர் ஃபேன் தண்ணீரில் மோதினால் அதன் இதழ்கள் முன்னோக்கி வளைந்து ரேடியேட்டரையே கிழித்துவிடும். ஆழம் கூடக் கூட வண்டி மிதக்கத் தொடங்கும். சக்கரத்துக்குப் பிடி போய்விட்டால் சாதாரண நீரோட்டமே வண்டியைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போய்விடும்.

பலரும் மறப்பது ஆக்சில் பிரீதரை, அதாவது ஆக்சிலுக்குள் இருக்கும் காற்று வந்துபோகும் சிறு துளையை. நீண்ட தூரம் ஓடி வந்த டிஃபரன்ஷியல் (ஆக்சில் நடுவில் இருக்கும் பல்சக்கரப் பெட்டி) சூடாக இருக்கும். அது குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கி வெளியிலிருந்து எதையாவது உறிஞ்சப் பார்க்கும். பிரீதர் தண்ணீருக்குள் முங்கியிருந்தால் அதன் வழியாகவோ, ஆயில் சீல் வழியாகவோ தண்ணீர் உள்ளே வரும். ஸ்நார்கெல் மாட்டும் நாளிலேயே முன், பின் ஆக்சில், கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் பிரீதர்களுக்கும் மெல்லிய ஹோஸ் போட்டு பானெட்டுக்குள் உயரமான இடத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். செலவு குறைவு, பலன் பெரிது.

கம்பெனி கையேட்டில் சொல்லியிருக்கும் ஆழம்தான் இன்னமும் உங்கள் எல்லை. ஸ்நார்கெல் அந்த எல்லைக்குள் உங்களைப் பாதுகாப்பாக வைக்கிறது.

ஸ்நார்கெல் மாட்டியும் ஏர் பாக்ஸில் தண்ணீர். எப்படி?

மிகச் சாதாரணமாக நடப்பது இது. ஸ்நார்கெல் என்பது ஒரு குழாய்தான். அது எதில் போய்ச் சேருகிறதோ அதுதான் தண்ணீரைத் தடுக்க வேண்டும். பல வண்டிகளில் ஏர் பாக்ஸின் அடியில் தண்ணீர் வடிவதற்கென்றே சிறு துளை இருக்கும், அல்லது வாத்து அலகு மாதிரி ஒரு ரப்பர் வால்வு. மழைத் துளியும் தூசும் வெளியேற வைத்த வழி அது. பாக்ஸ் தண்ணீருக்குள் முங்கினால் அதே வழியாகத் தண்ணீர் உள்ளே ஏறும். இன்ஜின் உறிஞ்சுவதால் உள்ளே அழுத்தம் குறைவு. எனவே சும்மா கசியாது, இழுக்கப்படும்.

அடுத்த இடம் ஃபெண்டருக்குள் மறைந்திருக்கும் ரெசனேட்டர் பெட்டி. உறிஞ்சும் ஓசையைக் குறைக்க வைத்த காலிப் பெட்டி அது. அதிலும் வடிகால் துளை இருக்கலாம். மூன்றாவது, ஏர் பாக்ஸ் மூடியின் கேஸ்கெட். வருடக் கணக்கில் சூட்டில் கிடந்து இறுகிப்போயிருக்கும். ஒரு கிளிப் உடைந்திருந்தாலும் மூடி அந்த மூலையில் தாள் கனத்துக்குத் தூக்கிக்கொள்ளும், கண்ணுக்குத் தெரியாது. நான்காவது, ஸ்நார்கெலின் சொந்த இணைப்புகள். பல கிட்களில் மேல் தலை வெறுமனே சொருகி கிளாம்ப் போட்டதாக இருக்கும். அது உயரத்தில் இருப்பதால் பரவாயில்லை. ஃபெண்டருக்குள் போகும் முழங்கை இணைப்பு அப்படி இருக்கக் கூடாது. சிலிகான் சீலன்ட் தடவி, திருகி இறுக்கும் கிளாம்ப் போட்டு இறுக்கியிருக்க வேண்டும்.

வடிகால் துளையை நிரந்தரமாக அடைக்கச் சொல்லவில்லை. கழற்றி மாட்டக்கூடிய ரப்பர் மூடி போடுங்கள். மேலே வாய் வழியாக மழைநீர் கொஞ்சம் வந்தால் அது தேங்கி நிற்கும். அவ்வப்போது திறந்து வடித்துவிட வேண்டும்.

சீலிங் சரியாக இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, ஸ்நார்கெல் வாயை ரப்பர் ஒட்டிய ஒரு பலகையால் முழுக்க மூடுங்கள். கையை வைக்காதீர்கள். சீலிங் நன்றாக இருந்தால் சில நொடிகளில் இன்ஜின் திணறும் அல்லது நின்றுவிடும். எதுவும் நடக்காதது போல் ஓடிக்கொண்டிருந்தால் எங்கிருந்தோ காற்று கிடைக்கிறது. அந்த நேரத்தில் ஒருவர் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காது கொடுத்தால் “உஸ்ஸ்” என்ற சத்தமே இடத்தைக் காட்டும். ஹோஸ் உள்ளே ஒட்டிக்கொள்ளத் தொடங்கினால் உடனே பலகையை எடுத்துவிடுங்கள்.

இதைவிட நல்லது ஸ்மோக் டெஸ்ட். இன்ஜினை நிறுத்திவிட்டு, மிகக் குறைந்த அழுத்தத்தில் இன்டேக்குக்குள் புகையை விடுவார்கள். எங்கே கசிகிறதோ அங்கே புகை எழும்பும். வசதி உள்ள ஒர்க்‌ஷாப்பில் கேட்டுப் பாருங்கள்.

தூசுக்கு இன்னொரு எளிய வழி இருக்கிறது. ஃபில்டருக்குப் பின்னால், சுத்தப் பக்கக் குழாயின் உள்சுவரில் மெல்லியதாக கிரீஸ் தடவிவிடுங்கள். எம்.ஏ.எஃப். சென்சார் இருந்தால் அதைத் தாண்டி. ஒரு புழுதிப் பயணம் முடிந்ததும் வெள்ளைத் துணியால் துடைத்து இரண்டு விரலுக்கு நடுவில் தேயுங்கள். நறநறவென்று இருந்தால் தூசு தாண்டி வருகிறது.

பேப்பர், காட்டன், ஃபோம்: எந்த ஃபில்டர்?

புழுதியில் ஓடும் வண்டிக்கு நான் பேப்பர் ஃபில்டரைத்தான் சொல்வேன். நல்ல தரமான பேப்பர் ஃபில்டர், ஃபில்டர்களைச் சோதிக்கும் ஐ.எஸ்.ஓ. 5011 முறையில் 99 சதவீதத்துக்கு மேல் தூசைப் பிடிக்கும். எண்ணெய் தடவிய காட்டன் ஃபில்டரில் காற்று சுலபமாகப் போகும் என்பது உண்மை. அதே காரணத்தால் நுண்தூசும் பொதுவாகக் கூடுதலாகப் போகும். மண்ணில் இருக்கும் சிலிக்கா சிலிண்டர் இரும்பைவிடக் கடினமானது. கண்ணுக்குத் தெரியாத சில மைக்ரான் துகள்கள்தான் ஆயில் படலத்துக்குள் புகுந்து ரிங்கையும் லைனரையும் தேய்க்கின்றன. டர்போவில் கம்ப்ரசர் இதழ்களின் ஓரத்தையும் அரிக்கும்.

ஃபோம், எண்ணெயில் சரியாக ஊறவைத்தால், நிறைய தூசைத் தாங்கும். மண்பாதை பைக்குகளில் காலங்காலமாக இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் கழுவி, காயவைத்து, எண்ணெய் பிசைந்து போடும் பொறுமை வேண்டும். பெட்ரோலில் கழுவினால் ஒட்டிய இடங்கள் பிரிந்துவிடும்.

பேப்பர் ஃபில்டரை அடிக்கடி ஊதிச் சுத்தம் செய்வது நல்லதுதானே?

இல்லை. பேப்பரின் மேல் படியும் முதல் தூசுப் படலமே ஒரு கூடுதல் வடிகட்டி. புது ஃபில்டரைவிடச் சற்று ஓடிய ஃபில்டர் நன்றாகப் பிடிக்கும். தினமும் எடுத்து ஊதினால் அந்தப் படலமும் போகும், பேப்பரும் கிழியும், மாட்டும்போது சீலும் நகரும். ஏர் கன்னால் கிட்டத்தில் வைத்து அடித்த ஃபில்டரை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். புள்ளி புள்ளியாக ஒளி தெரிந்தால் அது குப்பைக்குத்தான். நெடும்பயணத்தில் வேறு வழியில்லையென்றால், உள்ளிருந்து வெளியே, 2 பாருக்குக் குறைவான அழுத்தத்தில், தள்ளி வைத்து ஊதலாம். கையிருப்பாக ஒரு புது ஃபில்டர் எடுத்துப் போவதே எளிது.

எப்போது மாற்ற வேண்டும் என்பதற்கு ரெஸ்ட்ரிக்‌ஷன் கேஜ் ஒன்றை ஏர் பாக்ஸுக்குப் பின்னால் பொருத்தலாம். ஃபில்டர் எவ்வளவு அடைத்திருக்கிறது என்று அதுவே காட்டிவிடும்.

ஸ்நார்கெல் வாய் முன்னோக்கி இருக்க வேண்டுமா, பின்னோக்கியா?

சாதாரண ஓட்டத்துக்கு முன்னோக்கி. தலைக்குள் இருக்கும் வடிவம் கனமான மழைத் துளிகளைச் சுவரில் மோதவிட்டு, கீழே உள்ள பிளவு வழியாக வெளியேற்றும். அந்தப் பிளவுகளில் இலை, சேறு அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பறக்கும் பனியிலும், கிளைகள் தாழ்ந்த காட்டிலும், அடர் புழுதியிலும் பின்னோக்கித் திருப்பிக்கொள்வது நல்லது. சக்தியில் வித்தியாசம் இல்லை என்பதை மேலேயே பார்த்தோம்.

சைக்ளோன் பிரீ கிளீனர் தேவையா?

ஸ்நார்கெலின் சாதாரணத் தலைக்குப் பதிலாக மாட்டுவது இது. வரிசையில் பின்னால் ஓட்டுபவர், பாலைவன மணலில் ஓட்டுபவர் போடலாம். காற்றைச் சுழலவிட்டு, கனமான துகள்களை ஓரத்துக்குத் தள்ளி வெளியேற்றும். நுண்தூசை அதனால் பிடிக்க முடியாது. அது ஃபில்டரின் வேலை. ஃபில்டரின் ஆயுள் கணிசமாக நீளும். மழையிலும் தண்ணீரிலும் சாதாரணத் தலையை மாட்டிக்கொள்ளுங்கள்.

பி.வி.சி. குழாயில் நானே செய்துகொள்ளலாமா?

செய்யலாம், இரண்டு விஷயங்களைக் கவனித்தால். ஒன்று, உள்விட்டம் எந்த இடத்திலும் பழைய வாயைவிடக் குறையக் கூடாது. 2.5 லிட்டர் டர்போ இல்லாத இன்ஜின் 3,000 ஆர்.பி.எம்.மில் நிமிடத்துக்குச் சுமார் 3,750 லிட்டர் காற்று இழுக்கும். 75 மி.மீ. குழாயில் அது நொடிக்கு 14 மீட்டர் வேகத்தில் போகும். 60 மி.மீ. ஆக்கினால் வேகம் 22 மீட்டர். தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு ஆகிவிடும். டர்போ இருந்தால் காற்றின் தேவை இன்னும் அதிகம். இரண்டு, இன்ஜின் சூட்டில் சாதாரண பி.வி.சி. இளகி வளையும். பானெட்டுக்குள் வரும் பகுதிக்கு சிலிகான் ஹோஸ் அல்லது உலோகக் குழாய் போடுங்கள். உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும் குழாய் வேண்டவே வேண்டாம்.

ஏர் பாக்ஸ் இல்லாமல், பானெட்டுக்குள் திறந்த கூம்பு வடிவ கோன் ஃபில்டர் மட்டும் வைத்தால்?

வேண்டாம். சூடான காற்று, தெறிக்கும் தண்ணீர், புழுதி மூன்றும் நேராகக் கிடைக்கும். கிடைப்பது சத்தம் மட்டும்.

எம்.ஏ.எஃப். சென்சாரில் என்ன கவனிக்க வேண்டும்? ரீமேப் வேண்டுமா?

ஸ்நார்கெல் மட்டும் மாட்டினால் ரீமேப், அதாவது இன்ஜின் கணினியின் அமைப்புகளை மாற்றி எழுதுவது, தேவையில்லை. சென்சார் உட்கார்ந்திருக்கும் குழாயின் விட்டத்தையும் அதன் இடத்தையும் மாற்றாமல் விடுங்கள். கணினி அந்த விட்டத்தை வைத்துத்தான் காற்றைக் கணக்கிடுகிறது. பெரிய குழாய் போட்டால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். எண்ணெய் ஃபில்டர் போடுபவர்கள் எண்ணெயை அளவோடு தடவ வேண்டும். மிஞ்சியது சென்சாரின் மெல்லிய கம்பியில் படிந்து, ஐடில் தடுமாறும், செக் இன்ஜின் லைட் எரியும். அதற்கென்றே விற்கும் எம்.ஏ.எஃப். கிளீனரால் கழுவுங்கள். கம்பியை விரலாலோ துணியாலோ தொடாதீர்கள்.

ஃபெண்டரில் துளை போட பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானதுதான், தகட்டைத் திரும்ப ஒட்ட முடியாது. கிட்டுடன் வரும் தாள் மாதிரியை ஒட்டியதும் உடனே வெட்டாதீர்கள். ஸ்நார்கெலையே வைத்துப் பார்த்து, கதவு முழுக்கத் திறக்கிறதா, பானெட் தட்டுகிறதா என்று பாருங்கள். உள்பக்கம் வயரிங், ஏ.சி. குழாய் எதுவும் இல்லை என்று உறுதி செய்யுங்கள். பெயின்ட் மேல் டேப் ஒட்டி, சிறிய துளையில் தொடங்கி, வட்டமாக வெட்டும் ஹோல் சாவால் பெரிதாக்குங்கள். ஓரத்தை அரத்தால் தேய்த்து, பிரைமரும் பெயின்டும் அடித்துக் காயவிட்ட பிறகே மாட்டுங்கள். இதை விட்டுவிட்டால் முதல் மழைக்காலத்திலேயே துரு தொடங்கிவிடும். இரும்புத் தூளையும் ஊதி எடுத்துவிடுங்கள். அது விழுந்த இடமெல்லாம் புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும்.

வாரண்டி, சட்டம்?

நாட்டுக்கு நாடு மாறும். வெட்டும் முன் வாகனப் பதிவு விதிகளையும் இன்ஷூரன்ஸையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஓட்டுநரின் பார்வையை மறைக்கிறதா என்பதைப் பல இடங்களில் பார்ப்பார்கள்.

மாட்டி முடித்தாயிற்று. அடுத்து?

முதல் கரடுமுரடான பயணம் முடிந்ததும் எல்லா கிளாம்ப்களையும் ஒருமுறை இறுக்குங்கள். புது ரப்பர் அழுந்தி உட்கார்ந்த பிறகு கிளாம்ப் தளர்ந்திருக்கும். ஏ பில்லரில் (முன் கண்ணாடியின் பக்கத் தூண்) இருக்கும் பிராக்கெட் ஆடினால் அந்த ஆட்டம் முழுவதும் ஃபெண்டர் இணைப்புக்குத்தான் போகும், சீலன்ட் விரிசல் விடும். அடுத்த ஆயில் மாற்றும்போது பழைய ஆயிலில் கொஞ்சம் லேபுக்குக் கொடுத்து, மண் தூசின் அடையாளமான சிலிக்கான் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கடுத்த முறையும் கொடுங்கள். சிலிக்கானும் இரும்பும் சேர்ந்து ஏறியிருந்தால் சுத்தப் பக்கத்தில் எங்கோ கசிவு இருக்கிறது. ஏர் பாக்ஸ் மூடியிலிருந்து தேடத் தொடங்குங்கள்.